உகாரித்து: மண்ணுக்குள் இருந்து எழுந்த மொழி

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடுநிலக்கடலின் கரையெங்கும் மறைந்துபோன நகரங்கள் உறங்குகின்றன. ஒரு நகருக்கு அதன் மதிலால் பெயர். ஒரு நகருக்கு அதன் பொன்னால் பெயர். இன்னொரு நகருக்கு அதை அழித்த போரால் பெயர். அக்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய சிரியா நாட்டு எல்லைக்குள், உகாரித்து என்றொரு நகர் இருந்தது. அது பேரரசு ஆண்ட நகர் அன்று. பெரும்படை நடத்திய நகரும் அன்று. எகிப்துக்கும் இட்டைட்டுப் பேரரசுக்கும் நடுவே சிக்கி, வலியவனுக்குத் திறை கட்டி வாழ்ந்த சிறு நாட்டின் தலைநகர். எனினும் உலக அறிஞர் அதன் பெயரை இன்று மதிப்போடு சொல்கின்றனர். கரணியம், அந்நகர் விட்டுச்சென்ற முப்பது எழுத்துகள். அயல்மொழியே அரசவை மொழியாக விளங்கிய காலத்தில், தன் தாய்மொழிக்கெனத் தனி நெடுங்கணக்கு வைத்துக்கொண்டு, அதில் பாட்டெழுதி, கணக்கெழுதி, மடலெழுதி வாழ்ந்த நகர் அது.

அந்நகர் கண்டெடுக்கப்பட்ட வரலாறு ஓர் உழவரின் ஏர்முனையில் தொடங்குகிறது. சிரியாவின் இலதாக்கியா துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 7 கல் தொலைவில் மினத்து எல் பைதா என்னும் சிறு கடற்குடா உள்ளது. வெள்ளைத் துறை என்பது அப்பெயரின் பொருள். 1928ஆம் ஆண்டில் அங்கே நிலத்தை உழுத உழவர் ஒருவரின் ஏர் ஒரு கற்பலகையில் இடித்தது. பலகையைப் புரட்டிப் பார்த்தபோது, செதுக்கிய கற்களால் கட்டிய நிலவறைக் கல்லறை தெரிந்தது. செய்தி அலுவலர்களின் செவிக்கு எட்டியது. முதற்போருக்குப் பின் சிரியா பிரெஞ்சுக்காரரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலம் அது. ஆகவே பாரிசு நகரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு புறப்பட்டது. கிளாடு சேபர் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதற்குத் தலைவர். 1929ஆம் ஆண்டு இளவேனிலில் அவர் முதலில் அத்துறைப் பகுதியைத் தோண்டினார். பின், அங்கிருந்து ஏறத்தாழ அரைக் கல் தொலைவில் உயர்ந்து நின்ற மேட்டின்மீது கடப்பாரையை வைத்தார். பெருஞ்சீரகச் செடி மண்டிக் கிடந்தமையால் அம்மேட்டுக்கு இராசு சம்ரா, அதாவது பெருஞ்சீரக முனை, என்று ஊரார் பெயரிட்டிருந்தனர். செடிக்குக் கீழே ஒரு தலைநகர் கிடப்பதை எவரும் அறியார்.

அம்மேடு ஏறத்தாழ 20 மாத்திரி உயரம். (மாத்திரி என்பது மீட்டர்.) அவ்வுயரம் இயற்கை தந்ததன்று. வீடுமேல் வீடு கட்டி, இடிந்ததன்மேல் மீண்டும் எழுப்பி, மாந்தர் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்ததனால் உயர்ந்த உயரம் அது. அடிப்பாறை வரை தோண்டிப் பார்த்தபோது, மட்கலம் வனையத் தெரியாத காலத்து மக்களின் குடியிருப்பே அடித்தளமாகக் கிடந்தது. அது கிறித்துவுக்கு முன் ஏழாயிரம் ஆண்டுக்கும் முற்பட்டது. மேட்டின் உச்சி அடுக்கு கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது. உகாரித்து செழித்திருந்த காலம் அதுவே. ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் பேர் வரை அப்போது நகருக்குள் வாழ்ந்திருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு.

தோண்டத் தோண்ட என்ன கிடைத்தன? ஏறத்தாழ 90 அறைகளும் பல முற்றங்களும் கொண்ட கல் அரண்மனை கிடைத்தது. நகரின் உயர்ந்த பகுதியில் இரண்டு பெருங்கோயில்கள் கிடைத்தன. ஒன்று மழைக்கும் இடிக்கும் இறைவனான பாகாலுக்கு உரியது. மற்றொன்று தாகோனுக்கு உரியது என்பர். குறுகிய தெருக்களும், நெருங்கி நிற்கும் வீடுகளும், வீட்டுத் தரைக்கு அடியிலேயே குடும்பத்தாருக்கு அமைத்த கல்லறைகளும் கிடைத்தன. துறைப் பகுதியில், வரிசையாக அடுக்கி வைத்தபடியே 80 சாடிகள் இருந்த பண்டகசாலை ஒன்று வெளிப்பட்டது. கிரேக்க நாட்டுப் பக்கத்திலிருந்தும் சைப்பிரசுத் தீவிலிருந்தும் வந்த வண்ணக் கலங்கள், எகிப்திலிருந்து வந்த கற்குடுவைகள், செதுக்கிய யானைமருப்புப் பலகைகள், செந்நீலச் சாயம் எடுப்பதற்காக உடைத்த கடற்சிப்பிக் குவியல்கள் ஆகியனவும் கிடைத்தன. சைப்பிரசுச் செம்பும், உள்நாட்டுத் தவசமும் எண்ணெயும், சாயமேற்றிய கம்பளியும் கைமாறிய சந்தை அது என்பதை இவை தெளிவாக்கின.

ஆனால் இத்தகைய பொருள்கள் அக்கடற்கரையின் பிற நகரங்களிலும் கிடைக்கின்றன. உகாரித்தைத் தனிப்படுத்திக் காட்டுவன களிமண் ஏடுகளே.

1929ஆம் ஆண்டு மே திங்களில் முதல் ஏடு கிடைத்தது. ஈரக் களிமண்ணைத் தட்டைப் பலகையாக்கி, நாணற்கோலின் முனையால் அழுத்தி எழுதிப் பின் உலரவைத்த ஏடு அது. ஆப்பின் வடிவில் பள்ளம் விழுவதால் அதனை ஆப்பெழுத்து என்பர். பாபிலோனிலும் அசீரியாவிலும் வழங்கிய ஆப்பெழுத்தை அறிஞர் அதற்கு முன்பே படித்தறிந்திருந்தனர். ஆனால் இந்த ஏட்டை அவர்களால் படிக்க இயலவில்லை. பாபிலோனிய எழுத்தில் பல நூறு குறிகள் உண்டு. இதிலோ முப்பதே குறிகள். ஆப்பு பழைய ஆப்பு. எழுத்து புதிய எழுத்து!

இங்கே ஓர் அறிஞரின் பெருந்தன்மையைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஏடுகளை வெளியிடும் பொறுப்பு சார்லசு விரொல்லோ என்பாரிடம் இருந்தது. அவர் நினைத்திருந்தால், தாம் படித்து முடிக்கும் வரையில் அவ்வேடுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கண்டெடுத்த ஓராண்டுக்குள்ளேயே அவ்வேடுகளின் படிகளை வரைந்து உலக அறிஞர் அனைவரும் காணுமாறு வெளியிட்டார். தாம் கவனித்த குறிப்புகளையும் உடன் சேர்த்தார். குறிகள் முப்பது அளவே ஆதலின் இது நெடுங்கணக்கு முறை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் சிறு நேர்க்கோட்டு ஆப்பு ஒன்று பிரிப்பாக நிற்கிறது. சொற்கள் மிகக் குறுகியன ஆதலின் உயிரொலிகளை விட்டு மெய்யொலிகளை மட்டும் எழுதியிருக்கலாம் என்பன அக்குறிப்புகள்.

தலைமைப் பூசகரின் வீட்டு வாயிற்படிக்கு அடியில் வெண்கலக் கருவிகள் பல புதைந்திருந்தன. அவற்றுள் சில கோடரிகளின்மீது ஒரே எழுத்துத் தொடர் பொறிக்கப்பட்டிருந்தது. அதே தொடர் ஓர் ஏட்டின் தொடக்கத்திலும் வந்தது. ஆனால் அங்கே அதற்கு முன் ஓர் எழுத்து கூடுதலாக நின்றது. ஏடு மடலாக இருக்குமானால், அக் கூடுதல் எழுத்து 'இன்னாருக்கு' என்னும் வேற்றுமை உருபாக இருக்கவேண்டும் என்று விரொல்லோ உய்த்துணர்ந்தார். எபிரேயம், அரபு முதலிய செமித்திய மொழிகளில் அவ்வுருபு லகர மெய்யாக வரும். அந்த ஓர் எழுத்தே கதவைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

அந்தப் படிகள் செருமனி நாட்டில் ஆன்சு பாவர் என்னும் மொழியறிஞரின் கைக்கு வந்தன. செமித்திய மொழிகளில் எவ்வெவ் மெய்கள் சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டுகளாக வரும் என்று எண்ணிப் பார்த்து, 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் வேலையைத் தொடங்கிய அவர், சில நாள்களிலேயே பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒலி கண்டார். எனினும் ஓரிடத்தில் தவறினார். கோடரியின்மீது கண்ட சொல் கோடரியின் பெயராகவே இருக்கும் என்று கருதி, எபிரேயத்தில் கோடரிக்கு வழங்கும் சொல்லை அதன்மேல் ஏற்றினார். அது பொருந்தவில்லை; அதனால் வேறு சில எழுத்துகளும் பிறழ்ந்தன. எருசலேமில் இருந்த பிரெஞ்சு அறிஞர் எதுவார் தோர்மு அப் பிழையைக் கண்டு திருத்தினார். அத்தொடரின் உண்மைப் பொருள் 'பூசகர் தலைவர்' என்பது. திருத்தத்தைப் பாவர் மறுக்கவில்லை. தம் பிழையை ஒப்புக்கொண்டு பட்டியலை மாற்றி எழுதினார். புதிதாகக் கிடைத்த ஏடுகளைக்கொண்டு விரொல்லோவும் தம் வழியே சென்று அதே முடிவை அடைந்தார். ஓராண்டு நிறைவதற்குள், மூவாயிரம் ஆண்டுக்கு மேல் எவரும் படித்திராத எழுத்து படிக்கப்பட்டுவிட்டது!

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் களத்தில் ஒருவரையொருவர் கொன்று குவித்தவர்கள். அவ்விரு நாட்டு அறிஞரும் ஓர் எழுத்தின் முன் பகையை மறந்தனர். ஒருவர் மறைக்கவில்லை; ஒருவர் திருத்த அஞ்சவில்லை; ஒருவர் திருத்தப்பட நாணவில்லை. ஆய்வு எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு இது ஓர் இலக்கணம்.

1948ஆம் ஆண்டின் அகழாய்வில் ஒரு விரல் நீளமே உள்ள சிறு ஏடு கிடைத்தது. அதில் கதை இல்லை, கணக்கு இல்லை. முப்பது எழுத்துகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. எழுத்துப் பழகுவோருக்கான நெடுங்கணக்கு அது! அதன் வரிசையைக் கண்டு அறிஞர் வியந்தனர். எபிரேயரின் வரிசையும், கிரேக்கரின் ஆல்பா பீட்டா வரிசையும், அவற்றின் வழிவந்து இன்று ஆங்கிலக் குழந்தை ஓதும் வரிசையும் அடிப்படையில் அந்த வரிசையே. அவ்வரிசைக்குத் தெளிவான மிகப் பழைய சான்று உகாரித்தின் ஏடுகளே ஆகும்.

உகாரித்தார்தாம் நெடுங்கணக்கையே புதிதாகக் கண்டனர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சினாய்ப் பாலையிலும் எகிப்திலும் அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட நெடுங்கணக்கு எழுத்துகள் கிடைத்துள்ளன. உகாரித்தாரின் அறிவுத்திறன் வேறிடத்தில் வெளிப்பட்டது. களிமண்ணும் நாணற்கோலும் பாபிலோனியரிடமிருந்து வந்தன. ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் எண்ணம் மேற்கிலிருந்து வந்தது. இரண்டையும் இணைத்துத் தம் மொழியின் ஒலிகளுக்குப் பொருந்துமாறு முப்பது குறிகளை அவர்கள் அமைத்தனர். கருவி பிறருடையது; எழுதிய மொழி தம்முடையது.

அவர்களுக்கு அதற்கான நெருக்கடி இருந்ததா? இருந்தது என்பதே வியப்பு. அந்நாளில் மேற்காசியா முழுவதும் அரசர்க்கு அரசர் எழுதிய மொழி பாபிலோனியரின் அக்காதியம். எகிப்தின் பேரரசனும் அயல்நாட்டாருக்கு அதிலேயே எழுதினான். உகாரித்து அரசனும் உடன்படிக்கைகளை அக்காதியத்தில் எழுதினான். நிலக்கொடை ஆவணங்களும் பெரும்பாலும் அக்காதியத்திலேயே உள்ளன. நகரில் கிடைத்த எழுத்துகளில் எட்டு மொழிகள் காணப்படுகின்றன. உகாரித்தியம், அக்காதியம், சுமேரியம், ஊரியம், இட்டைட்டு, இலுவியம், எகிப்தியம், இன்னும் படிக்கப்படாத சைப்பிரசு எழுத்தின் மொழி என்பன அவை. அங்கே எழுத்தராகப் பயின்றவன் சுமேரியச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டும். அக்காதிய மடல் எழுதவேண்டும். சுமேரியம், அக்காதியம், ஊரியம், உகாரித்தியம் என நான்கு மொழிச் சொற்களை நான்கு பத்திகளில் நேர்நேராக எழுதிய அகரமுதலிகள் அவன் கையில் இருந்தன. மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட நான்மொழி அகரமுதலி!

அப்பட்டியலின் நான்காம் பத்தியைக் கருதிப் பார்த்தல் வேண்டும். மூன்று அயல்மொழிகளுக்கு அருகே தம் தாய்மொழியை அவர்கள் சரிசமமாக எழுதினர். 'எம் மொழி சந்தைக்கும் அடுக்களைக்கும் போதும். அறிவுக்குப் போதாது' என்று அவர்கள் அதனை விலக்கி வைக்கவில்லை.

தாய்மொழியில் எவற்றை எழுதினர்? ஏறத்தாழ இரண்டாயிரம் ஏடுகளும் துணுக்குகளும் முப்பது எழுத்தில் கிடைத்துள்ளன. எந்தெந்தச் சிற்றூர் எவ்வளவு வரி கட்டவேண்டும் என்னும் கணக்கு அதில் உள்ளது. வில்லாளர் பட்டியல், கொல்லர் தச்சர் முதலிய தொழிலாளர் பட்டியல் அதில் உள்ளன. எந்தத் திங்களில் எந்தக் கடவுளுக்கு எத்தனை ஆடு பலியிடவேண்டும் என்னும் சடங்கு முறை அதில் உள்ளது. நோயுற்ற குதிரைக்கு மருந்து கூறும் குறிப்பு அதில் உள்ளது. அரசன் தன் தாயாகிய அரசிக்கு விடுத்த மடல்கள் அதில் உள்ளன. பேரரசனுக்கு அக்காதியத்தில் எழுதிய மன்னன், பெற்ற தாய்க்குத் தாய்மொழியில் எழுதினான்! வெளியுலகுக்குத் தேவைப்பட்ட அயல்மொழியை அவர்கள் திறம்படக் கற்றனர். அதனை வீட்டுக்குள் அரசியாக்கி அமர்த்தவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மொழியில் பாட்டு இருந்தது. தலைமைப் பூசகரின் இல்லத்தில் கிடைத்த பெரிய ஏடுகளில் மூன்று நெடும்பாட்டுகள் உள்ளன. பாகால் கடலோடு பொருது வென்றதையும், சாவின் கடவுளான மோத்தின் வாயில் வீழ்ந்து மீண்டதையும் ஆறு ஏடுகள் பாடுகின்றன. மனைவி மக்களை இழந்து மீண்டும் குடி தழைக்கப் போராடிய கிர்த்தா மன்னனின் கதை ஒன்று. தனக்கு வாய்த்த அரிய வில்லைப் பெண்கடவுள் அனத்துக்குத் தர மறுத்து உயிரிழந்த அகாத்து என்னும் இளைஞனின் கதை மற்றொன்று. இவற்றை எழுதிய எழுத்தனின் பெயர் இலிமில்கு. ஏட்டின் இறுதியில் அவன் தன் பெயரையும், தன் ஆசானின் பெயரையும், தன் அரசன் நிக்மாத்துவின் பெயரையும் எழுதி வைத்தான். பேரரசர் பலரின் பெயர் மறைந்தது; ஆசானை மறவாத அந்த எழுத்தனின் பெயர் நிலைத்தது.

இப்பாட்டுகள் கிடைப்பதற்கு முன் பாகாலைப் பற்றி உலகம் அறிந்தது எவ்வாறு? எபிரேயரின் மறைநூல் வழியாகவே பெரும்பாலும் அறிந்தது. அம் மறைநூல் பாகால் வழிபாட்டைக் கடுமையாக இகழ்வது. ஓர் இனத்தின் கடவுளை, அவ்வழிபாட்டை வேரறுக்க முனைந்தவரின் சொல்லைக் கொண்டே ஈராயிரம் ஆண்டுக்கு மேல் உலகம் மதிப்பிட்டது. வழிபட்டவனின் வாய்மொழி 1929க்குப் பின்னரே கேட்டது. தன் வரலாற்றைத் தன் மொழியில் எழுதி வைக்காதவனின் வரலாற்றைப் பகைவன் எழுதுவான். எழுதி வைத்தவனின் வரலாறோ மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டு காத்திருந்தேனும் எழுந்து வரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. எபிரேய மறைநூலில் பொருள் விளங்காமல் கிடந்த சொற்கள் சிலவற்றுக்கும் உகாரித்துப் பாட்டே விளக்கம் தந்தது.

அகழாய்வு தந்த உண்மைகளைச் சொல்லும்போது, அது திருத்திக்கொண்ட பிழைகளையும் சொல்லவேண்டும். 1950களில் அரண்மனை முற்றம் ஒன்றில் ஏடுகள் பல ஒன்றாகக் கிடைத்தன. சேபர் அவ்விடத்தைச் சூளை என்றார். சுடுவதற்காக இட்ட ஏடுகளை வெளியே எடுப்பதற்குள் பகைவர் புகுந்து நகரை எரித்துவிட்டனர் என்றும், ஆகவே அவையே நகரின் கடைசி மடல்கள் என்றும் அவர் எழுதினார். நெஞ்சை உருக்கும் அக்காட்சி பல நூல்களில் இடம்பெற்றது. பின்னர் அவ்விடத்தை மீண்டும் நுணுகி ஆராய்ந்தவர்கள் அங்கே சூளையே இருந்ததில்லை என்று கண்டனர். கட்டடம் சரிந்தபோது மேல்மாடியிலிருந்து வீழ்ந்த ஏடுகள் அவை. இலிமில்கு கி.மு. 14ஆம் நூற்றாண்டினன் என்றே நெடுநாள் கருதினர். 1992இல் கிடைத்த ஏட்டுத் துணுக்கு ஒன்றில் அவன் பெயர் வரக்கண்டு, அவன் நகரின் இறுதிக் காலத்தவன் என்று அறிஞர் பலர் கருத்தை மாற்றிக்கொண்டனர். அழகிய கதையைவிட உண்மை பெரிது.

தமிழ் இளைஞர்க்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. பழைய நகர் ஒன்றின் பெயரைக் கேட்டவுடன், ஒலி ஒத்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு, 'அதுவும் எமதே' என்று கூறும் பழக்கம் சிலரிடம் உண்டு. உகாரித்தியம் செமித்திய மொழிக் குடும்பத்தது. எபிரேயமும் அரபும் அதன் உறவுகள். அதனைத் தமிழின் கிளை என்று கூறுவதற்குச் சான்று இல்லை. சான்றில்லாத உரிமை தமிழுக்குப் பெருமை சேர்க்காது; சான்றுள்ள பெருமையையும் பிறர் ஐயுறுமாறு செய்துவிடும். தமிழின் தொன்மைக்குத் தமிழ் நிலத்திலும் தமிழ் நூலிலும் கிடைக்கும் சான்றுகளே போதும். உகாரித்திடம் பெறவேண்டியது உறவு அன்று, படிப்பினை.

அந்நகரின் முடிவும் ஒரு படிப்பினையே. கி.மு. 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுநிலக்கடலின் கிழக்குப் பகுதி முழுதும் நிலைகுலைந்தது. வறட்சியும் பசியும் ஒருபுறம். கடல்வழியாக வந்து தாக்கிய கூட்டங்கள் மறுபுறம். உகாரித்தின் கடைசி அரசன் அம்முராப்பி. சைப்பிரசு எனக் கருதப்படும் அலாசியாவின் அரசனுக்கு அவன் விடுத்த மடல், இரபானு என்னும் உயர் அலுவலரின் வீட்டில் கிடைத்தது. பகைவரின் கப்பல்கள் வந்து தன் ஊர்களை எரித்ததையும், தன் படை இட்டைட்டு நாட்டிலும் தன் கப்பல்கள் இலுக்கா நாட்டிலும் இருப்பதால் தன் நாடு காவலின்றிக் கிடப்பதையும் அவன் அதில் தெரிவிக்கிறான். பேரரசனுக்காகப் படையை அனுப்பிவிட்டுத் தன் வாயிலைக் காக்க ஆளின்றி நின்ற சிற்றரசனின் குரல் அது!

முடிவின் காலத்தைக் கணிக்க வேறொரு மடல் உதவியது. இக்காலத்தில் கட்டிய படைத்துறைக் காப்பறை ஒன்றுக்கு அடியில் உர்த்தேனு என்னும் வணிகரின் வீடு சிக்கிக் கிடந்தது. காப்பறையை அகற்றியபின், 1986 முதல் சிரிய, பிரெஞ்சு ஆய்வாளர் தோண்டியபோது, அவ்வீட்டில் 500க்கும் மேற்பட்ட ஏடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று எகிப்தின் உயர் அலுவலர் பேயா அம்முராப்பிக்கு எழுதியது. பேயா கொல்லப்பட்ட ஆண்டு எகிப்தியக் குறிப்பால் தெரிவதால், கி.மு. 1190ஐ ஒட்டி உகாரித்து இன்னும் நின்றிருந்தது என்பது உறுதியாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில், ஏறத்தாழ கி.மு. 1185இல், அது வீழ்ந்தது. தெருக்களில் சிதறிய அம்புமுனைகளும், வீடுகளை மூடிய சாம்பலும், புதைத்து வைத்து மீண்டும் எடுக்க வராத வெண்கலப் பொருள்களும் அவ்விறுதி நாளைக் கூறுகின்றன. நகரை எவரும் மீண்டும் எழுப்பவில்லை.

நகரோடு அதன் முப்பது எழுத்தும் மறைந்தது. அதே கரையில் தெற்கே இருந்த பைபிளோசு, சீதோன், தீர் ஆகிய நகரங்களின் மக்கள் கோடுகளால் எழுதும் 22 எழுத்து முறையைக் கைக்கொண்டனர். மாலுமியும் வணிகனும் அதனைத் துறைதோறும் எடுத்துச் சென்றனர். கிரேக்கர் அதனைக் கற்று உயிரெழுத்துச் சேர்த்துத் தமதாக்கினர். உகாரித்தின் எழுத்தோ களிமண் தேடியது; பயிற்சிபெற்ற எழுத்தரையும் அவர்களைக் காக்கும் அரண்மனையையும் தேடியது. அரண்மனை எரிந்தபின் எழுதுவார் இல்லை. பேசுவோரும் சிதறிப் பிற மொழிகளுக்குள் கரைந்தனர்.

பெருமக்களே! சீரிய நெடுங்கணக்கு இருந்தும், நான்மொழி அகரமுதலி இருந்தும், உயர்ந்த பாட்டு இருந்தும் ஒரு மொழி அழிந்தது. மொழியைக் காப்பது ஏடு மட்டும் அன்று. அதனை நாள்தோறும் வாயிலும் கையிலும் வழங்கும் மக்கள். ஆயினும், ஏடு மட்டும் இல்லையாயின், அம்மொழி வாழ்ந்தது என்பதைக்கூட எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். இவ்விரு உண்மையும் ஒன்றையொன்று தாங்குவன.

இராசு சம்ராவின் மேட்டில் 1999 முதல் சிரியரும் பிரெஞ்சுக்காரரும் இணைந்த குழுவாக அகழாய்வு நடத்தினர். 2011இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அப்பணியை நிறுத்தியது. ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலான பகுதியே அதற்குள் தோண்டப்பட்டிருந்தது. எஞ்சிய மண்ணுக்குள் இன்னும் எத்தனையோ இலிமில்குகள் காத்திருக்கக்கூடும்.

மண்ணுக்குள் காத்திருக்கும் நிலை அவர்களுடையது. தமிழ் எழுதும் கைக்கு அந்நிலை இல்லை. அது உயிரோடு இருக்கும் மொழி. கணக்கேட்டிலும் கடைப்பலகையிலும், மருத்துவக் குறிப்பிலும் மகன் தாய்க்கு எழுதும் மடலிலும் அதனை வழங்குக. எத்தனை அயல்மொழி கற்றாலும் நான்காம் பத்தியை வெறுமையாக விடாதிருக்க! அதுவே, முப்பது எழுத்தால் தன்னை நிலைநிறுத்திய அந்நகருக்குச் செலுத்தும் மதிப்பு.